பத்தொன்பதாம் படத்தின் விளக்கம்

செவ்வாய்க்கிழமை காலை என் மேசைக்கு வந்த முதல் தாள் தேர்வு அலுவலகத்தின் நோட்டீஸ். மேலே சிவப்புப் பேனாவில், "அவசரம், மாற்றித் தரவும்" என்று கிறுக்கியிருந்தது. தேர்வில் முறைகேடு செய்ததாக இரண்டு மாணவிகளுக்கு அனுப்பும் நோட்டீஸ். இரண்டு பேருக்கும் கண் தெரியாது, தாளில் கொடுத்தால் படிக்க முடியாது. ஆகவே அவர்கள் தலையில் போடப்போகிற கல்லை முதலில் என் கையில் கொடுத்து, காதால் கேட்கிற மாதிரி செய்து தரச் சொல்கிறார்கள். விதிப்படி சரிதான். எங்கள் கல்லூரியில் எல்லாமே விதிப்படி சரியாகத்தான் இருக்கும்.

இரண்டு பேரையும் எனக்கு நன்றாகத் தெரியும். ஒருத்திக்கு நான் வைத்த பெயர் வாயாடி. கதவைத் திறப்பதற்கு முன்பே அவள் பேச்சு உள்ளே வந்துவிடும். இன்னொருத்தி அழுத்தக்காரி. பத்துக் கேள்வி கேட்டால் ஒரு பதில் வரும், அதுவும் "ம்" என்று. பிசியோதெரபி மூன்றாம் வருஷம். ஒருத்தி போகிற இடத்தில் இன்னொருத்தி இருப்பாள். எப்படித்தான் ஒத்துப்போகிறதோ, எனக்குப் புரிந்ததே இல்லை.

உதவி மையம் என்று வாசலில் பலகை இருக்கிறதே தவிர, எங்களுடையது நூலகத்துக்குப் பின்னால் ஜெராக்ஸ் மெஷினுக்கும் உடைந்த நாற்காலிகளுக்கும் நடுவே ஒரு அறை. புத்தகம் வந்தால் முதுகை அறுத்து, தாள் தாளாக ஸ்கேன் செய்து, எழுத்துப் பிழைகளைத் திருத்திக் கோப்பாக்கித் தருவேன். கணினி அதை வாசிக்க, பிள்ளைகள் கேட்டுப் படிப்பார்கள். எழுத்து பரவாயில்லை. படம்தான் உயிரை வாங்கும். படம் வந்தால் எங்கள் கணினி "படம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குத் தாவிவிடும். அதனால் ஒவ்வொரு படத்திலும் என்ன இருக்கிறது என்று நான் பார்த்து வாக்கியமாக எழுத வேண்டும். நான் படித்தது வணிகவியல். நுரையீரலையும் முதுகெலும்பையும் இந்த மேசைக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். பதினொரு பிள்ளைகள், நான் ஒருத்தி.

நோட்டீஸின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பேரின் விடைகளையும் அருகருகே ஒட்டியிருந்தார்கள். கேள்வி இதுதான்: வலது நுரையீரலின் நடு மடலில் சளி தேங்கினால், அதை வடிக்க நோயாளியை எப்படிப் படுக்க வைப்பீர்கள்? வாயாடி எழுதியிருந்தாள்: "வலப்பக்கம் ஒருக்களித்து, ஆனால் முழுக்க ஒருக்களிக்காமல் கால் பங்கு மல்லாந்து. முதுகுக்குப் பின்னால் இரண்டாக மடித்த தலையணை. கட்டிலின் கால்மாடு ஒரு முழம் உயரம்." அழுத்தக்காரி எழுதியதும் அதேதான், ஒரு சொல் மாறவில்லை. கீழே அதிகாரியின் குறிப்பு: "இரு விடைகளும் ஒரே விதமாகத் தவறு. நோயாளி இடப்பக்கம் படுக்க வேண்டும். 'முழம்' என்ற அளவு பாடநூலில் எங்குமே இல்லை. தனி அறையில், கணினியில் தட்டச்சு செய்து, கூடுதல் நேரத்தில் எழுதும் தேர்வில் இருவரும் பேசி எழுதியதாகத் தெரிகிறது. விசாரணை வியாழன் காலை பத்து மணி. நிரூபணமானால் ஓராண்டு நீக்கம்."

பாடநூலில் முழம் இல்லைதான். முழம் என்னுடையது. வாக்கியமும் என்னுடையது. போன வருஷம் நான் எழுதிக் கொடுத்த விளக்கம், பத்தொன்பதாம் படம்.

அறையைத் தாழ் போட்டேன். புத்தகத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். படத்தில் ஒரு ஆள் நம்மைப் பார்த்தபடி படுத்திருக்கிறான், தலை தாளின் வலது ஓரத்தில். கீழே மடலின் பெயர் மட்டும், வேறு ஒரு சொல் கிடையாது. பார்த்துப் பார்த்துத் தலை சுற்றியது. கடைசியில் வெட்கத்தை விட்டுத் தரையில் படுத்து, அவன் கிடக்கிற மாதிரியே கிடந்து பார்த்தேன். நாற்பத்து மூன்று வயதில், சேலையோடு, ஜெராக்ஸ் மெஷினுக்கு அடியில். தரை என் இடது தோளில் இடித்தது.

என் வலது பக்கத்தை அவனுடைய வலது பக்கம் ஆக்கியிருக்கிறேன். அவ்வளவுதான் விஷயம். ஒரே நாளில் நாற்பது படம் எழுதிய நாளாக இருக்கும். எந்த நாள் என்று யோசித்தாலும் ஞாபகம் வரவில்லை, எல்லா நாளும் அப்படித்தானே. மற்ற படங்களையும் பார்க்கலாம் என்று இரண்டைப் புரட்டினேன். சரியாக இருந்தன. மூன்றாவதைப் புரட்டக் கை வரவில்லை. அந்தப் புத்தகத்தில் மட்டும் முந்நூற்றுப் பன்னிரண்டு படங்கள்.

பிறகு என்ன செய்தேன் தெரியுமா? நோட்டீஸை மாற்றி, ஒரு கால் புள்ளிகூடத் தவறாமல் சரிபார்த்து, இரண்டு பேருக்கும் அனுப்பி வைத்தேன். அவர்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதை எழுதும்போதும் முகம் எரிகிறது.

எங்கள் மையத்தின் பொறுப்பாளருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் நாளைக்குப்பார்க்கலாம். கெட்டவர் இல்லை. சாய்தளம் கேட்டு ஆறு வருஷம், இன்னொரு ஆள் கேட்டு நான்கு வருஷம் கடிதம் எழுதி எழுதிச் சலித்துப்போன மனிதர். புதன்கிழமை காலை அவர் மேசையில் புத்தகத்தையும் என் கோப்பின் அச்சுப் பிரதியையும் வைத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"யாருக்காவது தெரியுமா?"

"உங்களுக்கும் எனக்கும்தான் சார்."

"இத அங்க போய் சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சியாம்மா? ஒரு படம் தப்புன்னா, மத்ததெல்லாம் சரின்னு யாரு கையெழுத்துப் போடுவா? மொத்தக் கோப்பையும் நிறுத்தி வைன்னுவாங்க. உன்னோடது ஒப்பந்த வேலை. நீ வர்றதுக்கு முன்னாடி இந்த நாற்காலி எட்டு மாசம் காலியா கெடந்துச்சு, தெரியும்ல? அந்த எட்டு மாசமும் பிள்ளைங்க புத்தகமே இல்லாம உக்காந்திருந்தாங்க."

"அதுக்காக அந்த ரெண்டு பேரையும்..."

"எச்சரிக்கையோட விட்டுருவாங்க. மொத தடவைதானே? எனக்குத் தெரியும் இவங்கள." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நாளைக்குப் பார்க்கலாம். நீ வெளிய உக்காந்திரு. கூப்பிட்டா மட்டும் வா."

எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள் என்ற சொல்லை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் காய் நறுக்கும்போதும் அதையேதான் உருட்டிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் லிப்ட் பழுது பார்க்கிறவர். முழுவதையும் கேட்டுவிட்டு, கையில் இருந்த கிரீஸைத் துணியில் தேய்த்தபடி சொன்னார்:

"நாங்க தப்புப் பண்ணா லிப்ட் நடுவுல நின்னுரும். உள்ள இருக்கிறவன் கத்துவான், அப்பவே தெரிஞ்சிரும். உன் வேலையில ஒரு வருஷம் கழிச்சுல்ல நிக்குது."

"ஆறுதல் சொல்லுவீங்கன்னு பார்த்தா."

"ஆறுதலா வேணும் உனக்கு? மாட்டிக்கிட்டு நிக்கிறது அந்தப் பிள்ளைங்க." துணியை மடித்து வைத்தார். "வேல போனா போகட்டும்டி. ஆனா நான் சொல்லி நீ போகாத. அப்புறம் ஆயுசுக்கும் என்னையே சொல்லிக் காட்டுவ."

வியாழக்கிழமை பத்து மணிக்குத் தேர்வு அலுவலகத்தின் வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மடியில் புத்தகமும் கோப்பும். உள்ளே மூன்று பேர்: தேர்வு அதிகாரியம்மா, எங்கள் நாளைக்குப்பார்க்கலாம், பாடம் எடுக்கிற வாத்தியார். அந்த வாத்தியாருக்கு வாயாடி வைத்த பெயர் இப்படி-இப்படி. திரையில் படத்தைப் போட்டு, "நோயாளிய இப்படிப் படுக்க வெச்சு, இப்படித் தட்டணும்" என்பார். அந்த இப்படி எப்படி என்று இவர்கள் கேட்டால், "அதான் உங்களுக்குத் தனியா எழுதித் தர்றாங்களே" என்பார். எழுதித் தருகிறவள் வெளியே பெஞ்சில் வியர்த்துக்கொண்டிருந்தாள்.

சுவர் மெல்லியது. வாயாடியின் குரல் மட்டும் அவ்வப்போது வெளியே வந்தது. "எட்டிப் பார்த்து எழுதினோம்னா சொல்றீங்க மேடம்? எங்க ரெண்டு பேர்ல யாரு பார்த்ததுன்னு மட்டும் சொல்லிருங்க, மத்தத நான் ஒத்துக்கிறேன்." யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. எனக்கும் ஒரு நிமிடம் தைரியம் வந்தது. இவளே பேசி ஜெயித்துவிடுவாள், நான் வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். அந்த நினைப்பையும் மறைப்பதற்கில்லை.

அரை மணி கழித்துக் கதவு திறந்தது. வாயாடி மட்டும் சுவரைத் தடவிக்கொண்டு வந்தாள். கோலைக்கூட எடுக்கவில்லை. முகம் வெளிறிப்போயிருந்தது.

"யாரு இங்க?"

"நான்தாம்மா, அக்கா."

"அக்கா, அவ ஒத்துக்கிட்டாக்கா." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "'இவ விடைய வாய்விட்டுப் படிச்சத நான்தான் ஒட்டுக்கேட்டு எழுதினேன், இவளுக்குத் தெரியாது'ன்னு சொல்றா. நான் வாய்விட்டே படிக்கலக்கா. காதுல ஹெட்போன் இருந்துச்சு. பொய் சொல்றா மேடம்னு சொன்னேன், என்னை வெளிய போகச் சொல்லிட்டாங்க. கையெழுத்து வாங்குறாங்க. ஒரு வருஷம் நீக்கம்னு எழுதுறாங்க."

எச்சரிக்கை இல்லை. ஓராண்டு. நான் யாரும் கூப்பிடாமல் உள்ளே போனேன்.

அழுத்தக்காரி மேசையின் விளிம்பில் குனிந்திருந்தாள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அதிகாரியம்மா ஒரு ஸ்கேலை வைத்துப் பிடித்திருந்தார், நேராக வருவதற்காக. அந்த அம்மாவும் அசந்துபோய்த்தான் இருந்தார். நாளைக்குப்பார்க்கலாம் என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

"கொஞ்சம் நிறுத்துங்க மேடம். அந்தத் தப்பு என்னோடது."

"நீங்க யாரு?"

"இவங்களுக்குப் புத்தகம் எழுதித் தர்றவ."

"புத்தகத்த நானே வாங்கிப் பார்த்துட்டேனே," என்று அவர் பக்கத்தில் இருந்த பிரதியைத் தட்டினார். "படம் சரியாத்தான் இருக்கு. சாரும் சரின்னுதான் சொல்றார்."

"இவங்க படிச்சது அந்தப் புத்தகம் இல்ல மேடம். இவங்களுக்கு அந்தப் படம் கிடையாது. அந்தப் படத்துக்குப் பதிலா நான் எழுதினதுதான் இருக்கு. அதத்தான் மனப்பாடம் பண்ணாங்க." கோப்பைத் திறந்து வைத்தேன். "இடப்பக்கத்த வலப்பக்கமா மாத்தி எழுதிட்டேன். முழம்னு போட்டதும் நான்தான்."

அதிகாரியம்மா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, என் வரியையும் அவர்கள் வரியையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் படித்தார். இரண்டு தடவை படித்தார். இப்படி-இப்படி வாத்தியார் எட்டிப் பார்த்துவிட்டு, "அட, அதே தலையணை" என்று முணுமுணுத்தார். எல்லாரும் ஒரே புத்தகத்தைப் படிக்கிறார்கள் என்றுதான் இத்தனை வருஷமும் அந்த அறையில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இது எப்ப தெரியும் உங்களுக்கு?"

"செவ்வாய்க்கிழமை."

"இன்னைக்கு வியாழன்."

"ஆமா மேடம்."

அவர் என் கோப்பை மூடி ஓரமாக நகர்த்தினார். திட்டியிருந்தால் தேவலை. அழுத்தக்காரி பக்கம் திரும்பினார். "ஏம்மா, செய்யாதத எதுக்கு செஞ்சேன்னு சொன்ன?" அவள் பேனாவை மூடி மேசையில் வைத்தாள்.

முடிவை அங்கேயே எழுதினார்கள். முறைகேடு இல்லை, இருவர் மேலும் நடவடிக்கை கிடையாது. ஆனால் தவறான விடை தவறான விடைதான், அதற்கு மதிப்பெண் தர முடியாது. பாட ஆசிரியர் படம் படமாகச் சரிபார்த்துக் கையெழுத்திடும்வரை மையத்தின் கோப்புகள் எதையும் மாணவர்களுக்குத் தரக்கூடாது, தந்ததைத் திரும்பப் பெற வேண்டும். என் ஒப்பந்தத்தைப் பற்றி அடுத்த மாதக் கூட்டத்தில் பேசுவார்கள். அந்த அம்மாவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன். வாத்தியார் மட்டும் விரலை மடித்து எதையோ எண்ணிப் பார்த்துவிட்டு, "செமஸ்டர் முடிஞ்சு லீவுலதான் மேடம் எனக்கு டைம் இருக்கும்" என்றார். அடுத்த தேர்வுக்கு ஐந்து வாரம்தான் இருந்தது.

வெளியே வாயாடி அழுத்தக்காரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முதுகில் இரண்டு அடி போட்டாள். "பைத்தியமாடி உனக்கு? ஒரு வார்த்த எங்கிட்ட சொன்னியா?" என்று அழுதாள். அப்புறம் கழுவாத முகத்தோடு தண்ணீர் குடிக்கப் போனாள். அழுத்தக்காரி வழக்கம்போல என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பேருந்து நிறுத்தம் வரைக்கும் இப்படித்தான் நடப்போம்.

"ஏம்மா அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"நோட்டீஸ் கேட்டப்பவே தெரிஞ்சிருச்சுக்கா. உங்க வாக்கியம்." நடந்துகொண்டே பேசினாள். இரண்டு வருஷத்தில் அவள் என்னிடம் இவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். "புத்தகத்துல தப்புன்னு நான் சொன்னா உங்கள அனுப்பிருவாங்க. மொத வருஷம் எட்டு மாசம் யாருமே இல்லாம இருந்தோமே, அப்ப ரெண்டு பேரு படிப்ப விட்டுட்டே போயிட்டாங்க. நான் ஒத்துக்கிட்டா எனக்கு ஒரு வருஷம் போகும், அவ்வளவுதான். மத்த பத்துப் பேருக்கும் புத்தகம் இருக்கும்."

நான் இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு என் வேலையைக் கணக்குப் போட்டேன். இந்தப் பெண் அதே இரண்டு நாளில் எங்கள் எல்லாருக்குமாகக் கணக்குப் போட்டு, விலையைத் தன் தலையில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள். எனக்கு அவளை ஓங்கி ஒரு அறை அறைய வேண்டும்போலவும் இருந்தது, அவள் காலைப் பிடிக்க வேண்டும்போலவும் இருந்தது.

"நாளைக்கு ஒரு நோயாளிய நீ தப்பான பக்கம் படுக்க வெச்சிருந்தா?"

"அதான் தெரிஞ்சிருச்சே, திருத்திக்குவேன். புத்தகம் இருந்தாத்தானேக்கா திருத்த முடியும்? இப்ப இருக்கிறதையும் வாங்கிட்டாங்க." அவள் குரலில் கோபம் இல்லை, களைப்பு மட்டும்தான் இருந்தது. "கெடுத்துட்டீங்கக்கா."

வாயாடி பின்னால் இருந்து கோலைத் தட்டிக்கொண்டு வருவது கேட்டது. அலுவலகக் கட்டடத்தின் வாசல் வந்துவிட்டது. அழுத்தக்காரி நின்றாள்.

"அந்த ஒரு படம் போகட்டும். மத்ததெல்லாம் சரிதானேக்கா? ரெண்டு வருஷமா நீங்க எழுதினத வெச்சுத்தான் எல்லாம் படிச்சிருக்கேன்."

ஆமாம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. இரண்டு படம்தான் பார்த்தேன், மூன்றாவதைப் புரட்டப் பயந்தேன் என்பது எனக்குத் தெரியும்.

"தெரியலம்மா," என்றேன்.

"ம்," என்றாள். என் முழங்கையை விட்டுவிட்டுப் பையிலிருந்து கோலை எடுத்து விரித்தாள்.

"இங்க ஆறு படி," என்றேன், எப்போதும் சொல்வதுபோல.

"சரிக்கா."

ஆறுதான் இருந்தன. அவள் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துத்தான் இறங்கினாள்.